வசந்திக்கு முன்னாடி பரீட்சைக்குப் போன பை

போன தீபாவளிக்கு முந்தி நம்ம பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் சும்மா போனேன். பிரிக்பீல்ட்ஸ்ல பாதிக் கட்டடம் எனக்கு இப்ப அடையாளம் தெரியல. பள்ளிக்கூடம் மட்டும் அதே எடத்துல நிக்குது. கேட்டுல புதுசா ஒரு தம்பி வேல பாக்குறான்.

"நீங்கதானே மாரி அண்ணே? ரிட்டையர் ஆன பியூன்? பரீட்சைக்கு மேசையெல்லாம் நீங்கதான் போடுவீங்களாமே. இப்ப சின்ன வகுப்பு பரீட்சைய ஒண்ணொண்ணா எடுத்துட்டாங்கண்ணே. எங்களுக்கு பாதி மேசை தூக்குற வேல மிச்சம்லா"ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "தம்பி, மேசை தூக்குறது வேலையா? தூக்கின பெறகுதானே வேலையே ஆரம்பிக்கும்"னேன். ஒக்காருங்கண்ணே, சொல்லுங்கன்னான். சொன்னேன். அவன் வாங்கி வெச்ச தே, நம்ம டீதான், ஆறி மேல ஆடை படிஞ்சிருச்சு, நான் இன்னும் முதல் மேசையே போட்டு முடிக்கல. அத அங்க நின்னு கேட்ட ஒரு டீச்சரம்மா, பழைய மாணவர் சங்கத்து மலர்ல போடணும், இன்னொரு தடவ மொதல்ல இருந்து சொல்லுங்கன்னு மெசின்ல பிடிச்சுக்கிட்டாங்க. நான் மூணாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவன். எழுதச் சொன்னா வராது. பேசச் சொன்னா நிக்காது.

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தேன். பள்ளிக்கூடத்துல இருந்து ஓடிப்போன ஆளு, கடைசியில பள்ளிக்கூடத்துலயே முப்பது வருசத்துக்கு மேல வேல பாத்தேன். எங்கம்மா சாகுற வரைக்கும் அத சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. வேல பழக்கினது பாக் ஹசான்னு ஒரு பெரியவரு. எது எந்தச் சாவி, மணி எப்ப அடிக்கணும், பெரிய டீச்சர் கோவமா வந்தா எந்த வழியா காணாமப் போகணும், இதான் மொத்தப் படிப்பும். அவரு ஓய்வுக்குப் போன பெறகு பரீட்சை ஹால் எங் கைக்கு வந்துச்சு.

எஸ்.பி.எம்.ன்னா பள்ளிக்கூடத்தோட கடைசிப் பெரிய பரீட்சை, நவம்பர் மாசம், மழை ஊத்தும். அஞ்சாம் பாரம் பிள்ளைங்க வருசம் பூரா படிச்சது அந்த ஒரு ஹால்லதான் தெரியும். அதுலயும் மலாய் பரீட்சை பெயிலாப் போனா மத்ததுல எவ்வளவு வாங்கினாலும் சர்ட்டிபிகேட் கெடையாது. அதனால மலாய் பேப்பர் அன்னிக்கு மட்டும் கேட்டுல பெத்தவங்க கூட்டம் தைப்பூசம் மாதிரி இருக்கும்.

பரீட்சைய நடத்த வேற பள்ளிக்கூடத்துல இருந்துதான் பெரிய கண்காணிப்பாளர் வருவாரு. சொந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரு நடத்தக்கூடாது, அது சட்டம். எங்களுக்கு கிள்ளான்ல இருந்து சிவபாதம் மாஸ்டர் வருவாரு. யாழ்ப்பாணத்து ஆளு. ஒல்லி, வெள்ளச் சட்டை, நெத்தியில மூணு கோடு திருநீறு அளவெடுத்த மாதிரி. பரீட்சை வாரம் வந்துட்டா அவரு ரகசியமாத்தான் பேசுவாரு. ஹால்ல மட்டும் இல்ல, எங்கயும். சத்தம் போடாமப் பழகணுமாம். முக்குச் சாப்பாட்டுக் கடையில "ஒரு தே"ன்னு காதுக்குள்ள சொல்ற மாதிரி சொல்லுவாரு. கடைக்கார காதர் காக்காவும் பதிலுக்கு ரகசியமா "சீனி கம்மியா?"ன்னு கேப்பாரு. பக்கத்து மேசைக்காரங்க இவங்க ஏதோ கடத்துறாங்கன்னு பாப்பாங்க.

அவருகிட்ட ஒரு கயிறு இருக்கும், அதுல முடிச்சு போட்டிருக்கும். மேசைக்கும் மேசைக்கும் நடுவுல அந்தக் கயிற வெச்சுப் பாப்பாரு. முடிச்சு ஒரு வெரல் தள்ளியிருந்தா, "மாரி, இது கலியாண வீட்டுப் பந்தி இல்லையப்பா"ம்பாரு. மேசையெல்லாம் நேரா வந்த பெறகு என்ன ஒவ்வொரு நாக்காலியிலயும் ஒக்கார வைப்பாரு.

"இருந்து பாரும். ஆடுதோ?"

"கொஞ்சம் ஆடுது மாஸ்டர்."

"எழுதுற மாதிரி கையை வையும். இப்ப?"

"இப்பவும் ஆடுது."

"மேசை ஆடுதோ, நீர் ஆடுறீரோ?"

அப்புறம் சிகரெட்டு பெட்டி அட்டைய மடிச்சு காலுக்கு அடியில குடுக்கணும். அப்படிப் பாத்தா அந்த ஹால்ல நான் பரீட்சைக்கு ஒக்காராத மேசையே கெடையாது. என்ன மாதிரி அத்தன வருசம் எஸ்.பி.எம்.முக்கு ஒக்காந்த ஆளு இந்த நாட்டுல வேற யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு பாடம் கூட பாஸ் பண்ணல, அது வேற விசயம்.

சொவத்துல ஒரு எழுத்து தெரியக்கூடாது. படம், பள்ளிக்கூடத்துப் பாட்டு, எல்லாத்தையும் மூடணும். மொத வருசம் நான் பழைய பேப்பரால மூடினேன். மாஸ்டர் வந்து நின்னு பாத்தாரு. அவ்வளவு பெரிய சொவரு பூரா எழுத்து. "மாரி, பிள்ளைகள் சோதனை எழுதட்டோ, சினிமா விளம்பரம் வாசிக்கட்டோ?"ன்னாரு. மறுபடியும் வெள்ளத்தாள் ஒட்டினேன். ஒட்டின வேகத்துல வெளிய கக்கூசுக்கு வழிகாட்டுற போர்டையும் மூடிட்டேன். மறுநாள் ரெண்டு பையனுங்க ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ள அவசரமா நொழஞ்சிட்டானுங்க.

இன்னொண்ணு பல்லி. நம்ம ஆளுங்களுக்கு பல்லி சொன்னா அது உண்மை. ஏ, பி, சி, டின்னு பதில் குடுத்து ஒண்ணுல கோடு போடச் சொல்ற பேப்பர் இருக்குல்ல, அதுல தெரியாத கேள்வி வந்தா நம்ம பிள்ளைங்க பென்சில வெச்சிக்கிட்டு மேல பாக்கும். பல்லி மூணு தடவ சொன்னா சி. ஒரு வருசம் அஞ்சாறு தலை ஒண்ணா மேல போயி ஒண்ணா கீழ வந்துச்சு. மாஸ்டர் அத கவனிச்சுட்டாரு. அடுத்த வருசத்துல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை நான் ஏணி போட்டு தொடப்பத்தோட பல்லி வெரட்டணும். அவரு கீழ நின்னு ரகசியமா, "அங்க ஒண்டு, அங்க ஒண்டு"ம்பாரு. பல்லியும் விடாது, நானும் விட மாட்டேன். சரி, இத சொன்னா சொல்லிக்கிட்டே போவேன். வசந்தி கதைக்கு வரேன்.

சர்க்கார் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்களே, அந்த வருசம். எண்பத்திரண்டுன்னு நெனைக்கிறேன். ஒரே ராத்திரியில ஊரு பூரா அரை மணி நேரம் காணாமப் போச்சு. மத்தவங்களுக்கு அது ஒரு நாள் தூக்கக் கலக்கம். நம்ம ஆளுங்களுக்கு அது பெரிய பிரச்சன. ஏன்னா ராகு காலம்! சர்க்கார் கடிகாரத்த தள்ளி வெச்சா ராகுவும் கூடத் தள்ளிப் போகுமா, இல்ல பழைய நேரத்துலயே இருக்குமா? கோயில்ல கேட்டா ஐயர் ஒண்ணு சொல்லுவாரு, பூக்கடையில கேட்டா வேற ஒண்ணு சொல்லுவாங்க. வெத்தலக் கடையில அடிதடியே நடந்துச்சு.

வசந்தி ரயில்வே குவார்ட்டர்ஸ் சம்முகத்தோட மவ. சம்முகம் பட்டறையில பிட்டரு. அந்தப் பொண்ணு போன வருசமே எஸ்.பி.எம். எழுதி மலாய்ல பெயிலாயிருச்சு. நர்ஸ் வேலைக்குப் போகணும்னு அதுக்கு ஒரே ஆச. மலாய்ல நல்ல மார்க் இல்லாம நர்ஸுக்கு எடுக்க மாட்டாங்க. இந்தத் தடவயும் போச்சுன்னா எலக்ட்ரானிக் பேக்டரிக்குப் போயிரணும்னு வீட்டுல பேசி முடிச்சாச்சு. பேக்டரிக்காரங்க பஸ்ஸு எந்த முக்குல நிக்கும்னு கூட விசாரிச்சு வெச்சிருந்தாங்க. வசந்தி அந்த முக்குப் பக்கமே போகாது, சுத்தித்தான் கடைக்குப் போகும்.

மலாய் பேப்பர் திங்கக்கெழம காலையில எட்டு மணிக்குன்னு வந்துருச்சு. திங்கக்கெழம ராகு காலம் ஏழரையில இருந்து ஒம்பது. சம்முகம் புதுக் கடிகாரக் கட்சி. எட்டு மணின்னா நட்ட நடு ராகு காலம்னாரு. வசந்தியோட தாய்மாமன் ராஜு, கிள்ளான்ல லோரி ஓட்டுறவரு, அவரு பழைய கடிகாரக் கட்சி. ராகுவுக்கு சர்க்கார் லெட்டர் போட்டாங்களா, அவரு பழைய நேரத்துலதான் வருவாரு, புது எட்டு மணின்னா பழைய ஏழரை, கரெக்டா பேப்பர் குடுக்கும்போதுதான் ராகு உள்ள வராருன்னாரு. எந்தக் கடிகாரத்துல பாத்தாலும் பொண்ணு மாட்டிக்குது. போன வருசம் பெயிலானதும் ராகுவாலதான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. இது ஒண்ணுலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போனது.

அப்பதான் வசந்தியோட அம்மா அஞ்சலை பரஸ்தானம் வெச்சிரலாம்னு சொல்லியிருக்காங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது தெரியாது. நல்ல நேரத்துல ஆளு கெளம்ப முடியலன்னா, அவங்க சாமான் ஒண்ண நல்ல நேரத்துல முன்னாடியே கொண்டுபோய் வெளிய ஒரு எடத்துல வெச்சிருவாங்க. சாமான் கெளம்பிட்டா ஆளும் கெளம்பின கணக்கு. அப்புறம் எந்த நேரத்துல போனாலும் தோஷம் இல்ல. ஒரே ஒரு கண்டிஷன். வெச்ச சாமான் திரும்பி வரக்கூடாது. ஆளுதான் போயி சாமானோட சேரணும். சாமான் ஆளத் தேடி வந்துட்டா பயணம் முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

ஞாயித்துக்கெழம காலையில நான் மேசையெல்லாம் போட்டு முடிச்சு, மாஸ்டர் வந்து பூட்டி முத்திரை வைக்கிறதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். சம்முகம், ராஜு மாமா, அஞ்சலையம்மா மூணு பேரும் வந்தாங்க. அஞ்சலையம்மா கையில வசந்தியோட நீலப் பை. அதுக்கு சந்தனம், குங்குமம், நடுவுல மல்லிகப் பூ.

"மாரி அண்ணே, இத ஹாலுக்குள்ள வெச்சிரணும்"னாரு சம்முகம்.

"ஹாலுக்குள்ள ஊசி கூட வைக்க முடியாது சம்முகம். எங் கேட்டுக் கொட்டகையில வைங்க, பத்திரமா பாத்துக்கிறேன்."

ராஜு மாமா சண்டைக்கு வந்துட்டாரு. "கொட்டகையிலயா பரீட்சை நடக்குது? கொட்டகையில வெச்சா புள்ள கொட்டகை வரைக்கும்தான் போகும்! நாளைக்கு கேட்டுக் காவலுக்கு ஜாகா வேலைக்குத்தான் போகணும்!"

"ஜாகா வேலைக்கு என்னா கொறச்சல்?"னேன். கேட்டுல காவ நிக்கிறதும் என் வேலதானே, எனக்கும் ரோசம் வந்துருச்சு.

அதுக்குள்ள சம்முகம், இப்ப நல்ல நேரம் முடியப் போகுது சீக்கிரம்னாரு. ராஜு மாமா, எந்தக் கடிகாரத்துலன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் வாட்சக் கழட்டி எம் மூஞ்சிக்கு முன்னால காட்டி, நீயே சொல்லு, நீயே சொல்லுன்னு என்னப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தச் சண்டை ஓஞ்சு திரும்பிப் பாத்தா அஞ்சலையம்மா வெறுங்கையோட நிக்குறாங்க.

"வெச்சாச்சு, வாங்க போலாம்"னாங்க.

கொட்டகையிலதான் வெச்சிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். கொட்டகைக்குப் போயிப் பாத்தா இல்ல. சரி, நம்மகிட்ட கோச்சுக்கிட்டு கோயில்ல கொண்டுபோய் வெச்சிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்.

மாஸ்டர் வந்தாரு. கயிறு வெச்சுப் பாத்தாரு. ஜன்னல் எல்லாம் பாத்தாரு. மேடைப் பக்கம் போயி அந்தப் பழைய சிவப்புத் திரைய லேசாத் தூக்கினாரு. அதுல எந்தக் காலத்து தூசியோ! ஒரு தும்மல் போட்டாரு பாருங்க, பல்லியெல்லாம் ஓடிருச்சு. பரீட்சை வாரத்துல அவரு போட்ட ஒரே சத்தம் அதுதான். வெக்கமாப் போச்சு போல. மூக்கத் தொடச்சிக்கிட்டு, திரைய விட்டுட்டு வெளிய வந்தாரு. பூட்டு போட்டு, பூட்டு மேல தாள் ஒட்டி, அதுல கையெழுத்தும் போட்டுட்டாரு.

திங்கக்கெழம காலையில வசந்தி சீக்கிரமே வந்துருச்சு. கையில ஒண்ணும் இல்ல. கால்ல ஜப்பான் சிலிப்பர். அப்பா, அம்மா, மாமா பின்னாடி வராங்க.

"மாரி அங்கிள், என் பேக் எங்க?"ன்னுச்சு.

"கோயில்லயாம்மா வெச்சாங்க?"

"கோயில்லயா? என் ஐ.சி., பரீட்சை சிலிப், பேனா, ஸ்கூல் ஷூ எல்லாமே அதுலதான் இருக்கு அங்கிள்!"

நான் அஞ்சலையம்மாவ பாத்தேன். அவங்க ரொம்ப நிம்மதியா, "ஹாலுக்குள்ளதான். மேடையில, திரைக்குப் பின்னாடி. நல்ல எடம்"னாங்க.

முத்திரை வெச்ச ஹாலுக்குள்ள ஒரு பை. ஐ.சி.ங்கிற அடையாளக் கார்டு இல்லாம பொண்ணு உள்ள போக முடியாது. உள்ள இருக்கிற பையில எழுத்து எதாச்சும் இருந்துட்டா அது காப்பி அடிக்கிற கேஸு. மேல எழுதிப் போட்டா மலாய் பேப்பரே செல்லாது. அப்புறம் அந்த முக்குல நிக்கிற பேக்டரி பஸ்ஸுதான்.

மாஸ்டர் வந்தாரு. கூட ஒரு போலீஸ் கோப்ரல், கேள்வித்தாள் பெட்டியக் காவல் பாக்க வந்தவரு. நான் போயி விசயத்தச் சொன்னேன். மாஸ்டர் மொகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. கோப்ரலச் சாட்சிக்கு நிக்க வெச்சு முத்திரையக் கிழிச்சு, பூட்டத் தொறந்தாரு. மத்தப் பிள்ளைங்க எல்லாம் கோரிடோர்ல வரிசையா நின்னு வேடிக்க பாக்குது. அந்த நேரத்துல வசந்தி குடும்பமும் கேட்டத் தாண்டி கால்வா ஓரமா வந்து ஹால் வாசல்ல நிக்குது. பெத்தவங்க அங்க வரக்கூடாது. யாரு சொல்றது, யாரு கேக்குறது.

"மாரி, பையை வெளியில எடுத்து வாரும்"னாரு மாஸ்டர்.

"எடுக்காதீங்க!" ராஜு மாமா போட்ட சத்தத்துல கோப்ரல் தொப்பியப் பிடிச்சிக்கிட்டாரு. "ஐயா, அது பரஸ்தானம்! பை வெளிய வந்தா புள்ள பயணம் முறிஞ்சிரும்!"

வேற ஆளா இருந்தா வெரட்டி விட்டிருப்பாங்க. மாஸ்டர் அப்படியே நின்னுட்டாரு. அவருக்கும் பரஸ்தானம்னா என்னன்னு தெரியும்ல.

"ஐ.சி. இல்லாமப் பிள்ளை உள்ள வர ஏலாது"ன்னாரு.

"புள்ள உள்ள போகாம பை வெளிய வரக்கூடாதுங்க ஐயா"ன்னாங்க அஞ்சலையம்மா.

"ஐ.சி. பைக்குள்ள."

"பை ஹாலுக்குள்ள."

"அப்ப நான் என்னப்பா செய்ய?"ன்னாரு மாஸ்டர், எங்கிட்ட. அவரு எங்கிட்ட யோசன கேட்டது அந்த ஒரு தடவதான்.

அப்புறம் கோப்ரலக் கூட்டிக்கிட்டு உள்ள போனாரு. பைய அவரே தூக்கிட்டு வந்து, வாசப்படிக்கு உள்பக்கம் ஒரு மேசையில வெச்சாரு. வசந்தி வெளிபக்கம் நின்னுச்சு. பை உள்ள, ஆளு வெளிய. ரெண்டு பேரு சட்டமும் தப்பல. ஐ.சி.ய எடுத்து அங்க இருந்தே படத்தையும் மொகத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. படம் பன்னெண்டு வயசுல எடுத்தது, அதுல ரெட்ட ஜடை.

"இது நீர்தானோ?"

வசந்தி தலமுடிய ரெண்டாப் பிரிச்சு ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கம் பிடிச்சுக் காட்டுச்சு. கோரிடோர்ல ஒரே சிரிப்பு. அந்தப் பொண்ணுக்கு கண்ணுல தண்ணி நிக்குது, கையில ஜடையப் பிடிச்சிக்கிட்டு சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம நின்னுச்சு.

"ஓம், சரி"ன்னுட்டு மாஸ்டர் பைய சோதிச்சாரு. ஷூ, பேனா, பென்சில், ஒரு எலுமிச்சம்பழம். அடியில ஒரு தாள் பொட்டலம். பிரிச்சாரு. உள்ள வெள்ளையாத் தூள்.

கோப்ரல் ஒரு எட்டு முன்னால வந்துட்டாரு. "சிகு, இது என்ன தூள்?"னு மலாய்ல கேட்டாரு, சிகுன்னா வாத்தியாரு. அந்தக் காலத்துல தாள்ல மடிச்ச வெள்ளத் தூள்னா போலீசுக்கு வேற ஞாபகம்தான் வரும். கை இடுப்புக்குப் போயிருச்சு.

"சாமி தூள்! சாமி தூள்!"னு ராஜு மாமா கத்துறாரு. அது இன்னும் மோசமாத்தான் கேட்டுச்சு.

"பொறுங்கோ"ன்னு மாஸ்டர் தூள இடது உள்ளங்கையில கொட்டினாரு. ஏன்னா அவருக்கு வேண்டியது தாள்தான். திருநீத்தப் பொட்டலம் கட்டின தாள் வசந்தியோட மலாய் நோட்டுல கிழிச்சது. பூரா எழுத்து. அஞ்சலையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கையில கெடச்ச தாளக் கிழிச்சு மடிச்சிருக்காங்க. அது வசந்தி எழுதின கட்டுரை. அதுக்கு மேல டீச்சர் போட்ட செவப்பு மையி. எனக்கு மலாய் படிக்கத் தெரியாட்டியும் செவப்பு எதுன்னு தெரியும்ல. நீலத்த விட செவப்பு ஜாஸ்தி.

மாஸ்டர் மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. திருப்பி பின்பக்கத்தையும் படிச்சாரு. எங்களுக்கு உசுரு போகுது. அவருக்கு ஒரு கையில தாள், ஒரு கையில திருநீறு. ரிப்போர்ட்டு எழுதணும்னா கை வேணும். திருநீத்தக் கீழ கொட்ட முடியுமா? பாத்தாரு, அள்ளி அப்படியே மொத்தத்தையும் நெத்தியில பூசிக்கிட்டாரு. மிச்சத்த கழுத்துல, ரெண்டு கையில. கோப்ரலுக்கும் சந்தேகம் தீந்துருச்சு. "ஓ, சாமி கும்பிடுறதா"ன்னு பின்னால போயிட்டாரு.

"மாரி," மாஸ்டர் எங்கிட்ட ரகசியமாச் சொன்னாரு, "இதைப் பாத்து எழுதினால் பிள்ளைக்குக் கிடைக்கிற மார்க்கும் போயிடும். ஆனா எழுத்து எழுத்துதான்." அப்புறம் வாசப்பக்கம் திரும்பினாரு. "இதை உள்ளுக்கு வைச்சது ஆர்?"

"நான்தாங்க ஐயா. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னாங்க அஞ்சலையம்மா.

"நீங்கள் சோதனை எழுதுறீங்களோ?"

"ஐயோ, எனக்குக் கைநாட்டுதாங்க ஐயா."

"அப்ப சோதனை எழுதாத ஆள் வைச்சது. சோதனை தொடங்க முன்னம் எடுத்தாச்சு." மேடைத் திரையக் கை காட்டினாரு. "மேடையைப் பாக்காமல் முத்திரை வைச்சது நான். எனக்குத் தும்மல் வந்தது இந்தப் பிள்ளையின்ட பிழை இல்லை. என்னைப் பற்றித்தான் எழுதுவன்." அப்புறம் வசந்திகிட்ட, "வாரும் பிள்ளை. வலது காலை வைச்சு வாரும்"னாரு.

வசந்தி படி தாண்டுச்சு. ராஜு மாமா வாட்சப் பாத்து, "எட்டு ஆகல, ஆகல!"ன்னு குதிச்சாரு. சம்முகம், "எல்லாம் ஏழரைக்கு மேல ஆயிருச்சு, நல்லவேளை பை முன்னாடியே போச்சு"ன்னாரு. நான் ரெண்டு பேரையும் கேட்டு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனேன். காலிப் பை பூவோட, எனக்குத் தெரியற மாதிரி வாசப்படிக்கு உள்ள அந்த மேசையிலயே, பரீட்சை முடியற வரைக்கும் இருந்துச்சு.

அன்னிக்குப் பூரா மாஸ்டர் அந்த வெள்ள மொகத்தோடதான் ஹால்ல நடந்தாரு. சீனப் பிள்ளைங்க ரெண்டு மூணு பேரு ஏதோ பெரிய பூசைன்னு நெனச்சு, உள்ள போகும்போது அவரு முன்னால தலையக் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போச்சு. மேல இருந்து அவரக் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். "தும்மலா?"ன்னு கேட்டாங்களாம். "ஓம், ஒரே ஒரு தும்மல்"னு சொன்னேன்னு அடுத்த வருசம் எங்கிட்ட சொன்னாரு. வேற யாரு மேலயும் அவரு ஒரு வரி எழுதல.

மார்ச்ல ரிசல்ட் வந்துச்சு. வசந்திக்கு மலாய்ல நல்ல மார்க்கே. போர்டு முன்னாடியே அப்பனும் மாமனும் எந்தக் கடிகாரத்தால பாஸாச்சுன்னு சண்ட. அஞ்சலையம்மா, பையாலன்னாங்க. வசந்தி எங்கிட்ட வந்து, "அங்கிள், நானும் கொஞ்சம் படிச்சேன்லா"ன்னுச்சு. பாவம், தெனமும் விடியக்காலம் எந்திரிச்சு அந்த செவப்புக் கோடெல்லாம் ஒண்ணொண்ணாத் திருத்திப் படிச்சிருக்கு. வேற யாருகிட்ட சொல்லும்?

நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு எடம் கெடச்சதா கடிதாசி வந்துருச்சு. ஈப்போ பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. புதன்கெழம காலையில ஆஜராகணும். பஸ்ஸு செவ்வாய்க்கெழம மத்தியானம் மூணரைக்கு. செவ்வாய்க்கெழம ராகு காலம் எப்பன்னு உங்களுக்கே தெரியும். மூணுல இருந்து நாலரை. என்னயும் வரச் சொல்லியிருந்தாங்க. கைராசியாம்.

நான் பஸ் ஸ்டேசனுக்குப் போனா, வசந்திய ரெண்டரைக்கே பஸ்ஸுல ஏத்தி ஒக்கார வெச்சிருக்காங்க. பஸ்ஸுல வேற ஒரு ஆளு கெடையாது. சம்முகமும் ராஜு மாமாவும் டிரைவர்கிட்ட நிக்கிறாங்க. டிரைவரு ஒரு சீன அங்கிள், பிசாங் கோரெங், அதான் வாழப்பழ பஜ்ஜி, சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. ராஜு மாமா கையெடுத்துக் கும்பிடுறாரு.

"பாஸ், ஒரு உதவி. பஸ்ஸ கொஞ்சம் முன்னால நகத்துங்க."

"இன்னும் மணி ஆகலையே!"

"மணி ஆகுறதுக்கு முன்னாடிதான் வேணும். மூணுக்குள்ள. கொஞ்சமே கொஞ்சம். சக்கரம் ஒரு சுத்து சுத்தினாப் போதும்."

"எதுக்கு?"

ராஜு மாமா சொல்ல ஆரம்பிச்சாரு, ராகு, பழைய கடிகாரம், புதுக் கடிகாரம். டிரைவரு பிசாங்க வாயில வெச்சது வெச்சபடி கேட்டாரு. ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா அவரு வீட்டுலயும் இந்த மாதிரி ஆளுங்க இருப்பாங்க போல. கையத் தொடச்சிட்டு ஏறி, பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணி, ஒரு பஸ் நீளம் முன்னால ஓட்டி நிறுத்திட்டு, எஞ்சின ஆப் பண்ணி, மறுபடியும் எறங்கி பிசாங் சாப்பிட ஒக்காந்துட்டாரு.

சம்முகம் வாட்சப் பாத்து பெருமூச்சு விட்டாரு. ராஜு மாமாவும் தலைய ஆட்டினாரு. ரெண்டு கடிகாரத்துக்கும் சரியாப் போச்சு. அஞ்சலையம்மா சேலைத் தலைப்ப வாயில வெச்சு அழ ஆரம்பிச்சிட்டாங்க. "எம் மவ கெளம்பிட்டாளே, எம் மவ போயிட்டாளே." மவ கைக்கெட்டுற தூரத்துல ஜன்னல்ல ஒக்காந்து அம்மாவப் பாத்துக்கிட்டிருக்கு. சம்முகத்துக்கும் மூக்கு செவந்துருச்சு. நாங்க எல்லாரும் நிக்கிற பஸ்ஸுக்குக் கைய ஆட்டுனோம். வசந்தியும் ஆட்டுச்சு. எவ்வளவு நேரம்தான் ஆட்டும், பாவம், கை வலிச்சு எறக்கிருச்சு. வெயிலு வேற பஸ்ஸுக்குள்ள அடிக்குது.

கொஞ்ச நேரம் கழிச்சு வசந்தி ஜன்னல்ல தலைய நீட்டி, "அம்மா, பஸ்ஸு கெளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. எறங்கி ஒரு தே குடிச்சிட்டு வந்திரவா?"ன்னுச்சு.

நாங்க நாலு பேரும் ஒரே குரல்ல கத்துனோம்.

"எறங்காத!"